'தி டார்க் நைட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்மேன் காமிக்ஸ்களைச் சிறுவயதிலிருந்து படித்து வருபவன் என்பதால், 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'தி டார்க் நைட்' பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் ஒரே மாதிரியான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கு கேள்விகளைப் படம் பார்க்காதவர்களும் தயக்கமின்றிப் படிக்கலாம். ஐந்தாவதிலிருந்து கதையின் திருப்பங்கள் வெளிப்படும்.

1. பேட்மேன் படங்கள்தான் ஏகப்பட்டது இருக்கே, இதில் நீங்கள் சொல்வது எந்தப் படம்?

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி, கிறிஸ்டியன் பேல் பேட்மேனாக நடித்த மூன்று படங்களில் இரண்டாவது இது. முதல் படமான 'பேட்மேன் பிகின்ஸ்' 2005இலும், மூன்றாவதான 'தி டார்க் நைட் ரைசஸ்' 2012இலும் வெளிவந்தன. ஹீத் லெட்ஜர் ஜோக்கராகவும், ஆரோன் எக்கார்ட் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டாகவும் நடித்தது இந்த இரண்டாம் படத்தில்தான்; கேரி ஓல்ட்மேன் மூன்று படங்களிலும் காவல்துறை அதிகாரி ஜிம் கோர்டனாக வருகிறார். படத்தின் நீளம் 152 நிமிடங்கள்.

2. முதல் படத்தைப் பார்க்காமல் நேராக இதைப் பார்த்தால் புரியுமா?

புரியும். ப்ரூஸ் வெய்ன் என்ற பெரும் பணக்காரர் பெற்றோரைக் குற்றவாளி ஒருவனிடம் பறிகொடுத்தவர் என்பதும், இரவில் வௌவால் வேடம் பூண்டு காதம் நகரத்தின் குற்றக் கும்பல்களோடு மோதுகிறார் என்பதும் தெரிந்திருந்தால் போதுமானது. ஆனாலும் நேரம் இருப்பவர்களை முதல் படத்தையும் பார்க்கவே சொல்வேன். அதன் கடைசிக் காட்சியில் கோர்டன் ஒரு சீட்டுக்கட்டு ஜோக்கரை எடுத்து நீட்டி, பேட்மேனின் வருகையால் குற்றவாளிகளும் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள் என்று கவலைப்படுகிறார். இந்தப் படம் முழுவதும் அந்தக் கவலை பலிக்கும் கதைதான்.

3. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காட்ட மாட்டேன். இரத்தம் அதிகம் தெரியாது, ஆபாசமும் இல்லை. ஆனால் ஒருவர் வாயில் கத்தியை வைத்துக்கொண்டு நிதானமாகக் கதை சொல்லும் காட்சியும், முகத்தின் ஒரு பாதி எரிந்துபோன மனிதரை நெருக்கத்தில் காட்டும் காட்சிகளும் பெரியவர்களையே தொந்தரவு செய்பவை.

4. படம் ஓடும்போது மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை திடீரென்று மறைந்து மறுபடி வருகிறதே, டிவியில் கோளாறா?

கோளாறு இல்லை. பெரிய அளவிலான கதைப்படம் ஒன்றின் சில பகுதிகளை ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தது இதுவே முதல் முறை. தொடக்கத்தில் வரும் வங்கிக் கொள்ளை, ஹாங்காங் காட்சிகள், லாரித் துரத்தல் உட்பட ஏறத்தாழ 28 நிமிடங்கள் அந்தப் பெரிய ஃபிலிமில் பதிவானவை. அதன் சட்டகம் உயரமானது என்பதால், ப்ளூ-ரே போன்ற சில பதிப்புகளில் அந்த இடங்களில் மட்டும் பட்டை மறைந்து திரை முழுவதும் படம் நிறைகிறது. எல்லாப் பதிப்புகளிலும் இப்படி இருக்காது. தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், உயரம் மாறும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

5. காமிக்ஸ் படிக்கிறவர்கள் எல்லாரும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, எதிர்பார்த்ததைவிட அப்படி என்னதான் கூடுதலாகக் கிடைத்தது?

எங்கள் எதிர்பார்ப்பு எளிமையானது. 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' பட்ட அவமானத்தை 'பேட்மேன் பிகின்ஸ்' துடைத்துவிட்டது. அடுத்த படத்தில் சண்டைக்காட்சிகள் இன்னும் தெளிவாக இருந்தால் போதும், 1989இல் ஜாக் நிக்கல்சன் ஏற்ற ஜோக்கர் வேடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்படி ஒருவர் நடித்தால் போதும், 1995ஆம் ஆண்டுப் படம் வீணடித்த ஹார்வி டென்ட்டுக்கு நியாயம் கிடைத்தால் போதும் என்றிருந்தோம். நல்ல சாகசப் படம் ஒன்றைத்தான் கேட்டோம். வந்ததோ, சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஒருவனை நிறுத்தி வைத்து, அந்த உரிமையை உனக்குக் கொடுத்தது யார் என்று விசாரிக்கும் படம்.

தொடக்கத்தில் ஒரு கார் நிறுத்துமிடக் காட்சி வருகிறது. பேட்மேனைப் போல முகமூடி அணிந்த சில சாதாரண மனிதர்கள் துப்பாக்கியோடு வந்து போதைமருந்துக் கும்பலை மடக்கப் பார்க்கிறார்கள். உண்மையான பேட்மேன் வந்து, அவர்களையும் குற்றவாளிகளோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறார். உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களில் ஒருவர் கேட்கும்போது, நான் ஹாக்கி விளையாட்டுக் கவசம் அணிவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அரங்கமே சிரிக்கும் இடம் அது. சிறிது நேரம் கழித்து மேயர் தன் அலுவலக ஜன்னலருகே நிற்கும்போது, முகத்தில் ஜோக்கரின் சாயம் பூசிய ஒரு பிணம், கழுத்தில் கயிற்றோடு வந்து கண்ணாடியில் மோதுகிறது. பேட்மேன் உடையில் இருந்த அந்த மனிதர் இறப்பதற்கு முன் நடுங்கி அழும் காணொளி தொலைக்காட்சியில் வருகிறது. கேலியாகச் சொல்லித் தப்பித்த கேள்விக்குப் படம் உயிர்ப்பலியோடு திரும்பி வருகிறது. இதுவரை எந்தப் பேட்மேன் படமும் தன் நாயகனிடம் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. மாதந்தோறும் வரும் காமிக்ஸில் பேட்மேன் ஓய்வு பெற முடியாது; ஓய்வு பெற்றால் அடுத்த இதழ் இல்லை. இந்தப் படத்தின் ப்ரூஸ் வெய்ன் முகமூடியைக் கழற்றவே ஏங்குகிறார். முகத்தை மறைக்காமல், நீதிமன்றத்தில் நின்று சட்டப்படி போராடும் ஹார்வி டென்ட் கிடைத்துவிட்டார், இனி நான் தேவையில்லை என்று அவர் மனதார நம்புகிறார். நூற்றுக்கணக்கான இதழ்கள் படித்த எனக்கு, பேட்மேன் இல்லாமல் போவதே பேட்மேனின் வெற்றி என்ற எண்ணத்தை இவ்வளவு அழுத்தமாக உணர்த்தியது இந்தப் படம்தான். அந்த நம்பிக்கை இடிந்து விழும்போது வலிப்பதும் அதனால்தான்.

6. இது எந்தக் காமிக்ஸ் கதையின் தழுவல்?

எந்த ஒன்றினுடைய நேரடித் தழுவலும் அல்ல. கிறிஸ்டோபர் நோலனும் டேவிட் எஸ். கோயரும் அமைத்த கதைக்கு, நோலன் தன் தம்பி ஜானதன் நோலனோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். ஆனால் வேர்கள் தெளிவாகத் தெரிகின்றன. பேட்மேன், கோர்டன், டென்ட் மூவரும் கைகோத்து மாஃபியாவை எதிர்ப்பதும், அந்தக் கூட்டணி உடைவதும் ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த 'தி லாங் ஹாலோவீன்' (1996–97) தொடரை நினைவூட்டும். ஜோக்கர் முதன்முதலாகத் தோன்றிய 1940ஆம் ஆண்டின் 'பேட்மேன்' முதல் இதழில், யாரைக் கொல்லப் போகிறேன் என்பதை அவன் வானொலியில் முன்கூட்டியே அறிவிப்பான். படத்தில் நீதிபதி, காவல் ஆணையர், அரசு வழக்கறிஞர் என்று அவன் பட்டியல் போட்டுக் கொல்லக் கிளம்புவதற்கு மூலம் அதுவே.

மிக நுட்பமான கடன், ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' (1988) கதையிலிருந்து வந்தது. எந்த நல்ல மனிதனையும் ஒரே ஒரு கெட்ட நாள் பைத்தியமாக்கிவிடும் என்று நிரூபிக்க ஜோக்கர் அதில் கோர்டனைச் சித்திரவதை செய்வான். கோர்டன் உடைய மாட்டார், ஜோக்கர் தோற்பான். படம் அதே சோதனையைக் கோர்டனிடமிருந்து டென்ட்டுக்கு மாற்றியது. டென்ட் உடைந்து, கொலைகாரராகவே மாறிவிடுகிறார். மூலக்கதையைத் தெரிந்து வைத்திருந்த எங்களை அந்த ஒரு மாற்றம்தான் எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ப்ரூஸின் தோழியான ரேச்சல் மட்டும் காமிக்ஸில் இல்லாதவர். இந்தப் படங்களுக்காகவே உருவாக்கப்பட்டவர். முதல் படத்தில் கேட்டி ஹோம்ஸும், இதில் மேகி ஜில்லன்ஹாலும் அந்த வேடத்தை ஏற்றார்கள்.

7. ஹீத் லெட்ஜரை ஜோக்கராகப் போட்டபோது ரசிகர்களே எதிர்த்தார்களாமே?

உண்மை. 2006இல் அறிவிப்பு வந்தபோது அவரைப் பலரும் காதல் படங்களின் அழகான இளைஞராகவும், 'ப்ரோக்பேக் மௌண்டன்' படத்தில் அதிகம் பேசாத மாடு மேய்ப்பவராகவும்தான் அறிந்திருந்தார்கள். 1980களின் இறுதியில் மைக்கேல் கீட்டனைப் பேட்மேனாக அறிவித்தபோதும் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். எங்கள் கூட்டத்துக்கு இது பழைய வழக்கம்.

லெட்ஜர் லண்டனில் ஒரு விடுதி அறையில் தனியே தங்கி, குரலையும் சிரிப்பையும் தேடி, ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு தயாரானதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். விளைவைத் திரையில் பாருங்கள். நாக்கை அடிக்கடி வெளியே நீட்டி வாயோரத் தழும்பை நனைத்துக்கொள்வதும், தோளைக் கூனி நடப்பதும், ஒரே வாக்கியத்துக்குள் குரல் கீச்சிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்குவதும் சேர்ந்து, முன்பு எந்த இதழிலும் நாங்கள் பார்த்திராத ஒரு ஜோக்கரைத் தந்தன. 2009இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்கு வழங்கப்பட்டது; அவருடைய குடும்பத்தார் மேடையேறிப் பெற்றுக்கொண்டார்கள்.

8. அந்த வேடம்தான் அவர் உயிரைக் குடித்தது என்கிறார்களே?

தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். லெட்ஜர் 2008 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் இறந்தார். மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் பல மருந்துகள் உடலில் ஒன்றுசேர்ந்ததால் நேர்ந்த விபத்து என்பதே அதிகாரபூர்வமான முடிவு. இந்தப் படத்தின் படப்பிடிப்பு 2007 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இறக்கும்போது அவர் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஜோக்கராக நடித்த நாட்களை அவர் மகிழ்ச்சியோடு அனுபவித்ததாக அவருடைய சகோதரியும் கூறியிருக்கிறார். ஒரு நடிகரின் உழைப்பையும் கட்டுப்பாட்டையும் சாபமாக மாற்றிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

9. மருத்துவமனை வெடிக்காமல் நின்றதும் லெட்ஜர் ரிமோட்டைத் தட்டிப் பார்ப்பது, நிஜமாகவே வெடி வேலை செய்யாததால் அந்த இடத்திலேயே சமாளித்ததுதானே?

இல்லை. வெடிகள் நடுவில் நிற்பது முன்பே திட்டமிட்டது. வெடித்துத் தகர்ந்தது சிகாகோவில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய மிட்டாய்த் தொழிற்சாலைக் கட்டடம். அதை ஒருமுறைதான் தகர்க்க முடியும் என்ற நிலையில், முதல் வெடிகளுக்கும் பெரிய வெடிக்கும் நடுவில் நடிகர் பத்திரமாக விலகிப் பேருந்தில் ஏற நேரம் தேவைப்பட்டது. அந்த இடைவெளியை ஜோக்கரின் குணத்தால் நிரப்பினார்கள். செவிலியர் உடையில், பொறுமையிழந்த குழந்தையைப் போல அவர் கருவியைக் குத்திக்கொண்டு நிற்பது ஒத்திகை பார்த்துச் செய்த நடிப்பு. கட்டுக்கதையைவிட இந்த உண்மைதான் அவருடைய திறமைக்குப் பெரிய சான்று என்பது என் எண்ணம்.

10. அவ்வளவு பெரிய லாரி நடுத்தெருவில் குப்புறக் கவிழ்வது கிராபிக்ஸ்தானே?

கிராபிக்ஸ் இல்லை. சிகாகோவின் லாசால் தெருவில், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில், உண்மையான லாரியை உண்மையாகவே தூக்கிக் கவிழ்த்தார்கள். சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பான கிறிஸ் கார்போல்டின் குழு லாரியின் அடியில் ஒரு பிஸ்டனைப் பொருத்தி, அது தரையை உதைக்கும் விசையில் வண்டி பின்பக்கமாக எழும்பிப் புரளும்படி செய்தது. சண்டைப்பயிற்சி ஓட்டுநர் ஒருவர் கவிழும் லாரிக்குள்ளேயே அமர்ந்திருந்தார்.

அந்த நொடியில் பின்னணி இசை இல்லாததைக் கவனியுங்கள். இரும்பு தரையில் அறையும் ஓசை மட்டும் கேட்கும். இப்படத்துக்குக் கிடைத்த இன்னொரு ஆஸ்கர் ஒலித் தொகுப்புக்காக ரிச்சர்ட் கிங் பெற்றது.

11. கடைசியில் ஜோக்கர் வாயில் இருக்கும் தழும்பு எப்படி வந்ததாம்? இரண்டு விதமாகச் சொல்கிறானே?

இரண்டுமே பொய்யாக இருக்கலாம். கும்பல் தலைவனிடம் தன் தந்தை கீறியதாகச் சொல்கிறான். ரேச்சலிடம், மனைவிக்காகத் தானே கீறிக்கொண்டதாகச் சொல்கிறான். எதிரே இருப்பவரின் அச்சத்துக்கு ஏற்ப அவன் கதையை மாற்றுகிறான். ஆறாம் பதிலில் சொன்ன 'தி கில்லிங் ஜோக்' கதையிலும் தன் கடந்தகாலத்தைப் பற்றி அவனுக்கே ஒரே விதமான நினைவு இல்லை. அவனுக்கு ஒரு சோகக் கதையைக் கொடுத்து நம் இரக்கத்தைப் படம் கேட்காதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

12. காதலித்த பெண்ணை விட்டுவிட்டு பேட்மேன் ஏன் டென்ட்டைக் காப்பாற்றினார்?

அவர் டென்ட்டைக் காப்பாற்றப் போகவே இல்லை. விசாரணை அறையிலிருந்து ஓடும்போது யாரைத் தேடிப் போகிறீர்கள் என்று கோர்டன் கேட்க, ரேச்சலை என்றுதான் சொல்கிறார். ரேச்சலையும் டென்ட்டையும் தனித்தனியே அடைத்து வைத்த முகவரிகளை ஜோக்கர் மாற்றிச் சொல்லியிருந்ததால், கதவை உடைத்துத் திறந்தபோது உள்ளே இருந்தவர் டென்ட். ஒரு கணத்தில் கடந்துபோகும் இந்தத் தகவலைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஜோக்கர் ஒரு தேர்வைக் கொடுப்பதுபோல் காட்டி, அந்தத் தேர்வையும் பேட்மேனிடமிருந்து திருடிக்கொண்டான் என்பதே அந்தக் காட்சியின் கொடூரம்.

13. பேட்மேன் ஏன் தொண்டை கட்டியவர் மாதிரி பேசுகிறார்?

அடையாளம் தெரியாமலிருக்கவும், அச்சுறுத்தவும். மிரட்டும் காட்சிகளில் அது பொருந்துகிறது. இறுதிக் காட்சியில் நீளமாகப் பேசும்போது பொருந்தவில்லை என்பதை ரசிகனாக இருந்தும் ஒப்புக்கொள்கிறேன். உடையில் மட்டும் பெரிய முன்னேற்றம் உண்டு. முதல் படத்தின் முகமூடி கழுத்தோடு ஒட்டியிருந்ததால் பேலால் தலையைத் திருப்ப முடியாது. இதில் ப்ரூஸ், தலையைத் திருப்ப வசதியாக ஓர் உடை வேண்டும் என்று, தனக்குக் கருவிகள் செய்து தரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் கேட்டு வாங்குவதையே ஒரு காட்சியாக வைத்துவிட்டார்கள்.

14. யாரையும் கொல்ல மாட்டேன் என்று சொல்லும் பேட்மேன், கடைசியில் டென்ட்டைக் கொன்றுவிட்டாரே?

கோர்டனின் மகன் தலையில் துப்பாக்கி வைத்திருந்த டென்ட் மீது அவர் பாய்கிறார். மூவரும் விளிம்பில் சரிகிறார்கள். சிறுவனை மேலே ஏற்றிவிடுகிறார். டென்ட் விழுந்து இறக்கிறார். கொல்லும் நோக்கம் இல்லை, ஆனால் சாவுக்கு அவருடைய செயல் காரணம். லாரித் துரத்தலில் குப்பை வண்டி ஒன்றின் முன்பகுதி அவருடைய வாகனம் மோதி நசுங்குகிறதே, அதன் ஓட்டுநர் பிழைத்திருப்பார் என்றும் நான் வாதாட மாட்டேன்.

1939இல் பில் ஃபிங்கரும் பாப் கேனும் உருவாக்கிய தொடக்கக்காலப் பேட்மேன் கொலை செய்யத் தயங்காதவர். 1940இல் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்த பிறகே கொல்லாமை அவருடைய விதியாயிற்று. படம் அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை. ஆனால் அதை மீறச் சொல்லித் தூண்டுவதையே ஜோக்கரின் வேலையாக வைத்திருக்கிறது. நடுத்தெருவில் நின்று என்னை இடித்துத் தள்ளு என்று அவன் கேட்கும்போது, பேட்மேன் வண்டியை ஒடித்துத் தானே விழுகிறார். கடைசியில் உயரத்திலிருந்து தள்ளிவிட்ட அவனையும் கயிறு வீசிப் பிடிக்கிறார்.

15. ஊரில் உள்ள எல்லாருடைய கைபேசியையும் ஒட்டுக்கேட்பது தப்பில்லையா? படம் அதை நியாயப்படுத்துகிறதா?

ஜோக்கரைக் கண்டுபிடிக்க, கைபேசிகளை ஒட்டுக்கேட்கும் இயந்திரம் ஒன்றைப் பேட்மேன் அமைக்கிறார்; அது தவறு என்று லூசியஸ் ஃபாக்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். இந்த ஒருமுறை உதவுவேன், இந்த இயந்திரம் இருக்கும்வரை இங்கே வேலை செய்ய மாட்டேன் என்கிறார். 2001க்குப் பிறகு அமெரிக்க அரசு நீதிமன்ற அனுமதியின்றித் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது பெரும் சர்ச்சையாக இருந்த காலத்தில் வந்த படம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ஃபாக்ஸ் தன் பெயரைத் தட்டச்சு செய்ய, இயந்திரம் அழிகிறது. ஆனாலும் அந்த இயந்திரம் இல்லாமல் ஜோக்கர் பிடிபட்டிருக்க மாட்டான் என்பதால், நாயகனுக்குப் படம் இங்கே சற்றுச் சலுகை காட்டிவிட்டது என்றே நினைக்கிறேன். ஐந்தாம் பதிலில் சொன்ன கறார் இந்த இடத்தில் தளர்கிறது.

16. இரண்டு படகுக்காரர்களும் ஒருவரையொருவர் வெடிக்க வைக்காமல் விட்டது நம்பும்படியாக இல்லையே?

பொதுமக்கள் ஒரு படகிலும் கைதிகள் இன்னொன்றிலும் இருக்க, ஜோக்கர் இரண்டிலும் வெடி வைத்து, மற்றப் படகை வெடிக்கும் கருவியை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறான். பொதுமக்கள் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள் என்று படம் சொல்லவில்லை. அவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, கைதிகளின் படகை வெடிக்கலாம் என்று 396க்கு 140 என்ற கணக்கில் முடிவே செய்துவிடுகிறார்கள். விசையைத் திருப்பும் கைதான் யாருக்கும் இல்லை. மற்றப் படகில் ஒரு கைதி, பத்து நிமிடம் முன்பே நீங்கள் செய்திருக்க வேண்டியதைச் செய்கிறேன் என்று கருவியை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார். காகிதத்தில் கொலைக்குச் சம்மதித்தவர்கள் நேரில் தயங்குவது எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

17. டென்ட் செய்த கொலைகளை ஜோக்கர் தலையில் கட்டியிருக்கலாமே? பேட்மேன் ஏன் ஏற்க வேண்டும்?

இதுவரை வந்தவற்றில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. டென்ட் இறக்கும் நேரத்தில் ஜோக்கர் வேறொரு கட்டடத்தில் பிடிபட்டுவிட்டதால், அந்த ஒரு சாவை அவன் மீது போட முடியாது. மற்றக் கொலைகளைப் போட்டிருக்கலாம்; படம் இதற்குத் திருப்தியான விடை தரவில்லை.

ஆனால் கதையின் போக்கில் பார்த்தால் பேட்மேனின் முடிவு இயல்பானது. டென்ட் குற்றவாளி என்று தெரிந்தால், அவர் சிறையில் அடைத்த நூற்றுக்கணக்கானவர்களின் வழக்குகள் ஆட்டம் காணும். மேலும், நெருக்கடி முற்றிய கும்பல்கள் ஜோக்கரிடம் போனதற்குக் காரணமே நீங்கள் அவர்களை நெரித்ததுதான் என்று ப்ரூஸிடம் அவருடைய வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் முன்பே சொல்லிவிட்டார். தான் தொடங்கி வைத்ததன் கணக்கைத் தானே தீர்க்கிறார் ப்ரூஸ். இந்தப் பொய் நிலைக்கவில்லை என்பதும், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வில்லன் பேன் உண்மையைச் சிறைவாசலில் நின்று ஊரறியப் படித்துக் காட்டுகிறான் என்பதும் மூன்றாம் படத்தின் கதை.

18. அப்படியானால் ஜோக்கர் என்ன ஆனான்? அடுத்த படத்தில் அவன் பெயரே வரவில்லையே?

தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் அவனைக் காவல்துறை சூழ்வதோடு இந்தப் படத்தில் அவன் கதை நிற்கிறது. மூன்றாம் படத்தில் அவனைப் பற்றி ஒரு சொல்கூட வராததற்குக் காரணம் லெட்ஜர் மீது நோலன் வைத்திருந்த மதிப்பு. வேறொருவரை நடிக்க வைக்கவும் இல்லை, வசனத்தில் சொல்லிக் கடக்கவும் இல்லை.